அம்மோனியா சிலிண்டர் கொண்டுவரும் ‘கண்காணிப்பு வண்டி’: ஒரு மீன்பிடிப் பருவம் பயன்படுத்திய பின்

மண்டபத்தின் வடகரையில், பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு நடுத்தர ஐஸ் கம்பெனியின் நிர்வாகத்தைப் பதினேழு ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். எங்களுக்கு அம்மோனியா சிலிண்டர் தரும் விநியோகஸ்தர், சென்ற மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய ஜூன் மாதத்தில், பழைய திறந்த லாரியை நிறுத்திவிட்டு ‘கண்காணிப்பு வண்டி’ என்றொரு சேவையைக் கொண்டுவந்தார். இருப்பிடம் காட்டும் கருவி, ஓட்டுநரைப் பார்க்கும் கேமரா, ஓ.டி.பி. வந்தால் மட்டுமே திறக்கும் மின்னணுப் பூட்டு, அம்மோனியா கசிவு உணரி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கியூ.ஆர். தகடு ஆகிய அனைத்தும் சேர்ந்த இந்தச் சேவைக்கு, சிலிண்டர் ஒன்றுக்கு 120 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். ஏப்ரல் 15 அன்று அடுத்த தடைக்காலம் தொடங்கும்வரை இதையே பயன்படுத்தினோம். விநியோகஸ்தரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே கருவிகளை வேறு பெயர்களில் வேறு சிலரும் விற்கத் தொடங்கியிருப்பதால், வாங்குபவர் பார்க்க வேண்டியது வண்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரை அல்ல, உள்ளே பொருத்தியிருப்பது எது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதையே.

இத்தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. ஐஸ் கம்பெனியில் ஐஸ் கட்டிகளை உறையவைக்கும் உப்புநீர் நிறைந்த உப்புத் தொட்டியைக் குளிர்விப்பது அம்மோனியாதான். கம்ப்ரசர், கண்டன்சர், ரிசீவர் வழியாக அது சுற்றிச் சுற்றி வந்தாலும் கிளாண்டு (தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பாகம்), வால்வு, ஃபிளாஞ்சு (குழாய் இணைப்புத் தட்டு) என்று எங்காவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே இருக்கும் என்பதால், பருவத்தில் சில முறை ‘கேஸ் ஏற்ற’ வேண்டியிருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் -33 டிகிரியிலேயே கொதித்துவிடும் இந்தப் பொருளைச் சிலிண்டரில் அழுத்தித் திரவமாக்கிக் கொண்டுவருகிறார்கள். வெளியே வந்தால் ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 850 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் 300 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 300 பங்கு, என்ற அளவைத் தொட்டால் உயிருக்கு உடனடி ஆபத்து என்பது தொழிற்பாதுகாப்புத் துறையினர் வைத்திருக்கும் வரம்பு. நல்லவேளையாக, அதற்கு வெகு முன்னதாகவே மூக்கு எச்சரித்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மோனியா வாயு காற்றைவிட எடை குறைந்தது என்று பாடத்தில் படித்தவர்கள் அது மேலே போய்விடும் என்று நம்பிவிடுகிறார்கள். திரவமாகக் கசியும்போது அது குளிர்ந்த வெண்புகையாக, நுண்துளிகளைச் சுமந்துகொண்டு, தரையோடு தரையாகக் காற்று போகும் திசையில் நகர்கிறது. கசிவின்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதுதான்.

எங்கள் சிலிண்டர்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, கீழக்கரை, திருப்புல்லாணி வழியாக இராமநாதபுரம் வந்து, அங்கிருந்து உச்சிப்புளியைக் கடந்து மண்டபம் சேர்கின்றன. இந்தச் சாலையில் வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் கருவி, விநியோகஸ்தர் விளம்பரத்தில் சொல்லிக்கொள்வதைப்போல அவருடைய தாராள மனத்தால் வந்ததன்று. 2022 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பின்படி, அபாயகரமான பொருள்களை ஏற்றும் என்-2, என்-3 வகைச் சரக்கு வாகனங்களில், புதிய மாடல்களுக்கு 2022 செப்டம்பர் 1 முதலும் ஏற்கெனவே உள்ள மாடல்களுக்கு 2023 ஜனவரி 1 முதலும் தயாரிக்கப்படுபவற்றில் ஏ.ஐ.எஸ். 140 என்ற இந்திய வாகனத் தொழில்துறைத் தரத்திலான இருப்பிடக் கருவி கட்டாயம். வண்டியின் பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் நான்கு மணி நேரம் தன் சொந்த பேட்டரியில் அது இயங்க வேண்டும். நெட்வொர்க் இல்லாத இடத்தில் இருப்பிடங்களைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்ப வேண்டும். இவை இரண்டும் எங்கள் வண்டியில் ஒழுங்காகவே நடந்தன. சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் இடையில் வரைபடத்தில் வண்டி அசையாமல் நின்றுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஒரே தாவாகக் கீழக்கரைக்கு வந்து நிற்கும். பதற வேண்டியதில்லை, அது நெட்வொர்க்கின் குறைதான் என்று இரண்டாவது லோடிலேயே பழகிவிட்டோம்.

ஆனால் என்-2 வகை என்பது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட வாகனங்களிலிருந்துதான் தொடங்குகிறது. மண்டபம் கிடங்கில் பெரிய வண்டி நின்றபின், பாம்பனிலும் இராமேசுவரத்திலும் சந்துக்குள் இருக்கும் சிறிய ஐஸ் கம்பெனிகளுக்குச் சிலிண்டர் போவது குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில். அதற்கு அந்த அறிவிப்பு பொருந்தாது. இருப்பிடக் கருவி இல்லை, பூட்டு இல்லை, உணரி இல்லை. இரண்டு கயிறும் ஒரு பழைய டயரும்தான். எங்கள் வாசலுக்குப் பெரிய வண்டியே வந்துவிடுவதால் எனக்கு இந்தக் குறை இல்லை. தீவில் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதே 120 ரூபாயைக் கொடுத்துவிட்டு, கடைசிப் பதினைந்து கிலோமீட்டருக்குப் பழைய நிலையிலேயேதான் சிலிண்டரைப் பெறுகிறார். தீவில் இருப்பவர்கள் கையெழுத்திடும் முன், வாசல்வரை எந்த வண்டி வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, விளம்பரத்தில் கடைசி வரியில் இருந்த கியூ.ஆர். தகடும் அதனோடு சேர்ந்த எடைச் சரிபார்ப்பும்தான். சிலிண்டரின் தோளில் ஒரு சிறிய துருப்பிடிக்காத தகடு. அதில் எழுத்துகள் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கைப்பேசியில் காட்டினால் வெற்றுச் சிலிண்டரின் எடை, நிரப்பிய எடை, நிரப்பிய நாள், அடுத்த அழுத்தச் சோதனைக்கான தேதி ஆகியவை வருகின்றன. முதலில் ஒட்டுத்தாளைத்தான் ஒட்டி அனுப்பினார்கள். ஆடி மாத வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து மூன்றாவது சுற்றிலேயே அதைச் சுருட்டிவிட்டன. நாங்கள் சண்டை பிடித்த பிறகுதான் தகடு வந்தது. உலகிலேயே துரு மிக வேகமாகப் பிடிக்கும் இடங்களில் பாம்பனும் ஒன்று என்று பாலம் கட்டும் பொறியாளர்கள் சொல்வதுண்டு. அந்த ஊருக்கு வந்து ஒட்டுத்தாளை ஒட்டியவரின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரவ அம்மோனியா வெப்பத்தில் விரிவடையும். சிலிண்டரில் அதற்கு இடம் விட்டே நிரப்ப வேண்டும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் திரவம் சுமார் 600 கிராம் எடை இருக்கும். ஆனால் சிலிண்டரின் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு அரைக் கிலோவைச் சற்றே தாண்டிய அளவைத்தான் நிரப்ப அனுமதி. மீதி இடம் வெயிலுக்கானது. அந்த இடத்தையும் நிரப்பிவிட்டால், திரவம் விரிந்து போக வழியின்றி இரும்பையே பிளக்கும். 1992 மார்ச் 24 அன்று செனகல் நாட்டின் டக்கார் நகரில், அனுமதித்த அளவைவிட அதிகமாக அம்மோனியா நிரப்பிய ஒரு டேங்கர் ஒரு கடலை எண்ணெய் ஆலையில் வெடித்து 129 பேர் இறந்தார்கள். பழைய லாரிக் காலத்தில் நாங்கள் எடை போட்டதே இல்லை. குறைவாக இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் மட்டுமே தராசுக்குப் போகும். அதிகமாக இருந்தால் இலாபம் என்று மகிழ்ந்த நாள்களும் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இப்போது வண்டியிலேயே ஒரு மேடைத் தராசு இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் இறங்கியவுடன் அதன்மேல் ஏறுகிறது. பதிவில் உள்ள எடையோடு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் செயலி சிவப்பாகிறது. அக்டோபரில் ஒரு சிலிண்டர் அப்படிச் சிவப்பானது. ஆராய்ந்து பார்த்தபோது நிரப்பிய அளவு சரியாகவே இருந்தது. பதிவில் ஏற்றியிருந்த வெற்று எடைதான் சிலிண்டரின் தோளில் குத்தியிருந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. எவரோ தட்டச்சில் 6-க்குப் பதிலாக 9 போட்டிருக்கிறார். ஆகவே தகட்டைக் காட்டி வரும் எண்ணை மட்டும் நம்பாமல், இரும்பில் குத்திய எண்ணையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுகிறோம். அந்தச் சிலிண்டரை அவர்கள் மறுபேச்சின்றித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

விளம்பரத்தில் இடமே பெறாத இன்னொரு நல்ல அம்சம், வண்டியின் பின்புறத்தில் உள்ள ஹைட்ராலிக் பலகை. முன்பெல்லாம் லாரியின் விளிம்பிலிருந்து தரையில் கிடக்கும் பழைய டயர்மேல் சிலிண்டரைத் தள்ளிவிடுவார்கள்; ‘தொம்’ என்ற அந்தச் சத்தத்துக்கு எங்கள் கம்பெனிப் பூனை மட்டுமே பயந்து ஓடும், மனிதர்கள் எவரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வால்வின் கழுத்தில் விழும் அடி எப்போது பலிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. இப்போது சிலிண்டர்கள் கூண்டுக்குள் நின்றபடியே வருகின்றன, மூடி போட்டபடியே பலகையில் இறங்குகின்றன. கணினியும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. ஆனாலும் இந்த வண்டியில் ஒரே ஒரு புதுமைக்குத்தான் பணம் தருவேன் என்று எவராவது சொன்னால் இந்தப் பலகையைத்தான் கைகாட்டுவேன். இதை நான் வெறும் பிடிவாதத்தால் சொல்லவில்லை. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் இழுவை வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்ததையும், அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2024 டிசம்பர் 20 அன்று, ஜெய்ப்பூர் அருகே திரும்பிக்கொண்டிருந்த எரிவாயு டேங்கர்மேல் லாரி மோதி வால்வு உடைந்து தீப்பிடித்ததையும் எண்ணிப் பாருங்கள். இணைப்பு கழன்றதும் வால்வு உடைந்ததும்தான் விபத்தின் உள்ளே இருந்தவை. வண்டி எங்கே நிற்கிறது என்பது அந்த இரண்டு இடங்களிலும் ஊருக்கே தெரிந்திருந்தது. முதலாவதில் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டாவதில் பலர் மாண்டார்கள்.

ஓட்டுநர் கேமராவைப் பற்றி எனக்கு இருந்த ஐயம் போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும் வண்டி அது. கண் செருகினாலோ தலை சாய்ந்தாலோ இருக்கையும் ஒலியும் அவரை எழுப்புகின்றன. இருக்கை அதிர்வது முதலில் எரிச்சலாக இருந்தது என்றும், வேம்பார் தாண்டி ஒருநாள் அதுதான் தம்மைக் காப்பாற்றியது என்றும் ஓட்டுநரே சொன்னார். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கடற்கரையைப் பற்றி எவரேனும் வகுப்பெடுக்க வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். அதற்குள் அபாயப் பொருள் வண்டி நின்றால் உடனே எச்சரிக்கை பறக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டபின், அதன் தூக்கு இணைப்பு மேலே போவதைப் பார்க்கவும் ரயில் வருவதைப் படமெடுக்கவும் சுற்றுலா வண்டிகள் சாலைப் பாலத்தின் இருபுறமும் நிற்காத நாளே இல்லை. ஒருமுறை தீவுக்குப் போன பெரிய வண்டி அந்த நெரிசலில் ஆறு நிமிடம் மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை ‘அனுமதியற்ற நிறுத்தம்’ என்று ஓட்டுநரைக் கைப்பேசியில் அழைத்தது. அவர் எடுத்துப் பேசினார். வண்டி ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்தினார் என்று கேமரா அவருடைய மதிப்பெண்ணில் இன்னொரு புள்ளியைக் குறைத்தது. இரண்டு கருவிகளும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

மின்னணுப் பூட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. வழியில் திருட்டையும் கலப்படத்தையும் தடுக்க எண்ணெய் டேங்கர்களில் வந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கி அம்மோனியா வண்டியில் வைத்திருக்கிறார்கள். அம்மோனியாவை வழியில் எவர் திருடப்போகிறார்? திறப்பதற்கான ஓ.டி.பி. என் கைப்பேசிக்கு வர வேண்டும். ஜூலையில் ஒருநாள் அது வரவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு, மூடிய வண்டிக்குள் இருபது சிலிண்டர்களுடன் ஐம்பது நிமிடம் வாசலில் காத்திருந்தோம். 30 டிகிரியில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறத்தாழ 11.7 பார், 50 டிகிரியில் அது 20 பாரைத் தொடும். சிலிண்டர்கள் அதைத் தாங்கும்படியே செய்யப்படுகின்றன என்பது உண்மைதான். இருந்தாலும் நிழலில் இறக்க வேண்டிய சரக்கை ஒரு குறுஞ்செய்திக்காக வெயிலில் வேகவைப்பது எந்தப் பாதுகாப்பு நூலில் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அதற்குமேல், அவசரத்தில் திறக்க ஓட்டுநரிடம் சாவி இல்லை. இராமேசுவரத்துக்குக் கிழக்கே போகப்போக இலங்கைக் கோபுரத்தின் அலைவரிசையைக் கைப்பேசி பிடித்துக்கொள்ளும் இடத்தில் இந்தப் பூட்டு என்ன பாடுபடும் என்பதை வாசகரின் கற்பனைக்கே விடுகிறேன். நாங்கள் எழுதிக் கேட்டபின், முத்திரையிட்ட உறையில் ஓர் அவசரச் சாவியை வண்டியிலேயே வைத்திருக்கிறார்கள்.

இனி கசிவு உணரி. ஆகஸ்ட் மாத நடுவில், ஒரு புதன்கிழமை, விசைப்படகுகள் தொழிலுக்குப் போகும் நாள் என்பதால் விடிந்ததிலிருந்தே ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் வண்டி வந்தது. ஏழாவது சிலிண்டர் பலகையில் இறங்கும்போது பக்கத்துச் சிலிண்டரில் லேசாக இடித்தது. மூடியின் திறப்பு வழியே நூல்போல வெண்புகை வந்தது. வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்டு தளர்ந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் கேட்டைப் பார்த்து, அதாவது கிழக்கே, ஓடத் தொடங்கினார்கள். எங்களிடம் முப்பது ஆண்டுகளாகச் சிலிண்டர் இறக்கும் பெரியவர் ஒருவர், நின்ற இடத்திலிருந்தே, “கச்சான் அடிக்குது தம்பி, கிழக்க ஓடாதீங்க, இங்கிட்டு மேக்க வாங்க!” என்று கத்தினார். தென்மேற்கிலிருந்து அடித்த அந்தக் கச்சான் காற்று புகையை அந்தக் கேட்டை நோக்கித்தான் தள்ளிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அப்பால், ஜெட்டியில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஓர் ஆள் மேற்காகச் சுற்றிப் போய்ச் சொல்ல, அவர்களும் விலகினார்கள்.

அப்புறம் செய்தது எல்லாம் பழைய வேலை. முகமூடியும் ரப்பர் கையுறையும் அணிந்த இருவர், காற்று வரும் பக்கமாக நெருங்கி, கசியும் இடம் மேலே இருக்குமாறு சிலிண்டரைத் திருப்பினார்கள். அப்படிச் செய்தால் திரவம் வராமல் வாயு மட்டும் வரும், அளவு வெகுவாகக் குறையும். ஸ்பானரால் கிளாண்டு நட்டைக் கால் சுற்று இறுக்கியவுடன் புகை நின்றது. நனைத்த சாக்குகளைக் காற்று போகும் பக்கத்தில் தொங்கவிட்டு, நீரை மெல்லிய தூவானமாக மட்டும் அடித்தோம். அம்மோனியா தண்ணீரில் அபாரமாகக் கரையும் என்பதால் தூவானம் புகையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தரையில் தேங்கிய திரவத்தின்மேல் குழாயை நேராகத் திருப்பினால் அது இன்னும் வேகமாகக் கொதித்துக் கிளம்பும். கரைந்த நீரையும் கடலுக்கு விடாமல் பழைய உப்புத் தொட்டிக்குத் திருப்பினோம். மீனுக்கும் பவளத்துக்கும் அம்மோனியா நஞ்சு. முதுகுப்பக்கத்தில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை வைத்துக்கொண்டு சாக்கடையில் விடுவது நியாயமாகாது. ஒரு பையனுக்குக் கண் எரிச்சல். கால் மணி நேரம் குழாயடியில் கண்ணைக் கழுவவைத்து, பிறகு மருத்துவரிடமும் காட்டினோம். கடைசியாக, கந்தகக் குச்சியைக் கொளுத்தி வால்வைச் சுற்றிக் காட்டினோம். மிச்சக் கசிவு இருந்தால் அந்த இடத்தில் வெண்புகை அடர்ந்து எழும். எழவில்லை.

இவ்வளவும் நடந்து முடியும்வரை வண்டியின் கசிவு உணரி 0 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

காரணத்தைத் தேடியபோது இரண்டு விடைகள் கிடைத்தன. வண்டியின் முன்பக்கச் சுவரில், ஓட்டுநர் அறைக்குப் பின்னால், ஒரே ஓர் உணரியைப் பொருத்தியிருந்தார்கள். வண்டி தென்மேற்கைப் பார்த்து நின்றது, கதவு திறந்திருந்தது, காற்று முன்னிருந்து பின்னாக அடித்தது. உணரிக்குப் புகை எட்டுவதற்கே வழியில்லை. இது இடத்தேர்வின் குறை. இரண்டாவது அதைவிட மோசமானது. உணரியைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் வயர் இணைப்பில் இருந்த பித்தளை முனைகள் மயில்கழுத்து நிறத்தில் பூத்துப்போயிருந்தன. ஈரப்பதத்தோடு சேர்ந்த அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும் என்பதால்தான் எங்கள் குழாய்களில் அந்த உலோகங்களை நாங்கள் வைப்பதே இல்லை. அம்மோனியாவைக் கண்டுபிடிக்க வந்த கருவியிலேயே அவற்றை வைத்து, மேலே உப்புக்காற்றையும் பட அனுமதித்திருக்கிறார்கள். அது எத்தனை வாரமாக உயிரற்றுக் கிடந்தது என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. காற்று சுத்தமாக இருந்தாலும் 0, உணரி செத்துப்போனாலும் 0 என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மின்வேதியியல் வகை உணரிகளின் ஆயுளே பொதுவாக ஓரிரு ஆண்டுகள்தான். அதற்குள்ளும் சில மாதங்களுக்கு ஒருமுறை அளவு தெரிந்த வாயுவைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்புச் சீட்டைக் கேட்டேன். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே விநியோகஸ்தரின் ஆளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கசிவு நின்று இருபது நிமிடம் கழித்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது. இறக்குவதற்கு ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்டார்கள்.

நியாயமாகச் சொல்வதென்றால், அதன்பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே இரண்டு உணரிகளை, ஒன்று முன்சுவரிலும் மற்றொன்று பின்பலகை அருகே முழங்கால் உயரத்திலும் பொருத்தினார்கள். இணைப்புகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றி, சிலிக்கானால் அடைத்தார்கள். இணைப்பு அறுந்தால் 0 என்று காட்டாமல் ‘பிழை’ என்று காட்டும்படி மென்பொருளைத் திருத்தினார்கள். எழுத்துப்பூர்வமாகக் கேட்கும் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தால் நடக்கிற காரியங்கள்தாம் இவை. ஆனால் காற்றுமானி வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் தேவையற்றது என்று தள்ளிவிட்டார்கள். எனக்கு இது விளங்கவில்லை. பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகம் 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகும்படி காற்றுமானியை இணைத்து வைத்திருந்தார்கள். காற்றைக் கேட்டுத்தான் ரயிலே ஓடிய ஊர் இது. அதே கடலுக்குப் பக்கத்தில் நச்சு வாயுவை இறக்கும் வண்டியின் திரையில் வேகம், வெப்பம், பேட்டரியின் அளவு, ஓட்டுநரின் இமை எல்லாம் தெரிகின்றன, கச்சானா வாடையா என்பது மட்டும் தெரிவதில்லை.

சட்டப்படியான அடிப்படைகளில் வண்டி குறைவின்றி இருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கும் அவசரத் தகவல் பலகை இருபக்கமும் பின்னாலும் இருக்கிறது. பொருளின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், அம்மோனியாவை அடையாளம் காட்டும் ஐ.நா. எண்ணான 1005 தொலைவிலிருந்தே படிக்கும்படி பெரிதாக, அழைக்க வேண்டிய எண்களும் அழியாமல் இருந்தன. ஓட்டுநர் உரிமத்தில் அபாயப் பொருளுக்கான ஒப்புதல் இருந்தது, மூன்று நாள் பயிற்சிச் சான்றையும் காட்டினார். கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டை ஆங்கிலத்தோடு தமிழிலும் இருந்தது. பெரிய எழுத்து, சுருக்கமான வாக்கியங்கள், சுமை இறக்குபவரும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய தமிழ். எழுதியவரைத் தெரியாது, ஆனால் அவருக்கு ஒரு நன்றி.

120 ரூபாய்க்குத் தகுமா என்றால், பலகைக்கும் தராசுக்கும் கியூ.ஆர். தகட்டுக்கும் ஓட்டுநர் கேமராவுக்கும் தகும் என்பேன். பூட்டுக்குத் தகாது. இருப்பிடக் கருவி சட்டப்படி எப்படியும் இருக்க வேண்டியது என்பதால் அதற்குத் தனியாகக் காசு கேட்பதே சரியில்லை. உணரிக்கு, சரிபார்ப்புச் சீட்டோடு வந்தால் மட்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆகஸ்டில் கேட்டிருந்தால் இரண்டுதான். வாசல்வரை பெரிய வண்டி வரக்கூடிய மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கத்துக் கம்பெனிகள் தயங்காமல் எடுக்கலாம். குட்டியானையை நம்பியிருக்கும் தீவுக்காரர்கள், அந்தச் சிறு வண்டிக்கும் கூண்டும் பலகையும் வரும்வரை பொறுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் அடுத்த பருவத்துக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டோம், நான்கு நிபந்தனைகளோடு: மாதம் ஒருமுறை உணரிச் சோதனை, சீட்டு எங்களுக்கு; அவசரச் சாவி எப்போதும் வண்டியில்; பதினொரு மணிக்குமேல் இறக்குவதில்லை; காற்றைப் பார்த்து நாங்கள் சொல்லும் திசையில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். நான்காவதற்காக, கம்பெனிக் கூரையின் மூங்கிலில் பழைய நைலான் வலையின் ஒரு முழத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். துணி கட்டியிருந்தோம், ஒரு மாதத்தில் கிழிந்துவிட்டது, வலை தாங்குகிறது. ஓட்டுநர் இப்போது கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி இறங்கி, அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம் வாலை வைக்கட்டும் அண்ணாச்சி?” என்று கேட்டபிறகுதான் உள்ளே வருகிறார்.